ஒரே முனகல் முனகிய காவல் சபை

கோடை வந்துவிட்டால் காட்டில் தண்ணீர் இருப்பது கோரைக்குளத்தில் மட்டும்தான். மானும் காட்டெருமையும் அங்கே தண்ணீருக்கு வரும். சிறுத்தை அங்கே சாப்பாட்டுக்கு வரும்.

அதனால் குளக்கரையில் ஒரு காவல் சபை இருந்தது. சிறுத்தையின் தலை தெரிந்ததும் கத்த வேண்டும்; அவ்வளவுதான் அதன் வேலை. சிவந்த முகமுள்ள ஆள்காட்டிக் குருவி அங்காயி அந்தச் சபையில் இருந்தாள். சரியான வாயாடி. ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. மேற்குக் கரைச் சரளையில், வெறுந்தரையில் முட்டையிட்டு, அடைகாத்துக்கொண்டே காவலும் பார்த்தாள்.

சபையின் தலைவர் நாரை. ஒற்றைக் காலில் நின்று யோசிப்பவர். ஒருநாள் அவர் அறிவித்தார்: "நம் சபையில் இனி எல்லா வகையும் இருக்க வேண்டும்! கொம்புள்ளவர், கொம்பில்லாதவர், வாலுள்ளவர், ஓடுள்ளவர், அத்தனை பேரும்!"

அங்காயிக்கு நிஜமாகவே சந்தோஷம். மந்தி மரத்துப் பக்கம் பார்த்துக்கொள்ளும். ஆமை தண்ணீரோரம் பார்த்துக்கொள்ளும். நல்லதுதானே!

நாரையின் சந்தோஷம் வேறு. பக்கத்துக் காட்டு விருந்தினர் வந்தபோது, சபையை நிறம் பார்த்து வரிசையாக நிற்க வைத்தார். "ஆகா, எத்தனை வகை! எத்தனை வகை!" என்று விருந்தினர் தலையாட்டினார்கள். இவர்களுக்குக் கத்தத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு புகார்கள் வந்தன. அங்காயியின் கீச்சுக் குரல் முயலின் காதைப் புண்படுத்துகிறதாம். "புள்ளிக்காரன் வர்றான்!" என்று மந்தி கத்துவது புள்ளிமான்களின் மனதைப் புண்படுத்துகிறதாம். மான்களைக் கேட்டால், "எங்களுக்கு ஒண்ணுமில்லையே!" என்றன. புண்பட்டதே அவற்றுக்குத் தெரியவில்லை என்று நாரை முடிவு செய்தார்.

புது விதி வந்தது. இனி சபையில் எல்லோரும் ஒரே குரல்தான் கொடுக்க வேண்டும். மெல்லிய "ம்ம்ம்". யாரையும் உறுத்தாத முனகல்.

"ஐயா, இது வேண்டாம்!" என்றாள் அங்காயி. "மந்தி கத்துனா மரத்துப் பக்கம் ஆபத்துன்னு தெரியும். ஆமை தொபுக்குன்னு தண்ணியில விழுந்தா கரையோரம்னு தெரியும். எல்லாரும் முனகுனா எந்தப் பக்கம் ஓடுறது?"

"நீ வேற்றுமைக்கு எதிரி!" என்றார் நாரை.

"நல்லா இருக்கே! இங்க வேற மாதிரி பேசுறது நான் ஒருத்திதானே!"

சபை முழுவதும் "ம்ம்ம்" என்றது. அங்காயி நீக்கப்பட்டாள். சிவந்த முகத்துக்கான இடம் காலியாக இருக்கக் கூடாதல்லவா? காட்டுச்சேவலைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். அதற்கு முதல் பாடமே முனகுவதுதான்.

"நீ சொன்னது சரிதான் அங்காயி" என்று மந்தி ரகசியமாகச் சொன்னது. "ஆனா எனக்குச் சபை குடுத்த இந்தக் கிளை வேணுமே!"

விருந்தினர் மறுபடியும் வந்தார்கள். நல்ல பட்டப்பகல். கிழக்கே கோரைப்புல் அசைந்தது. சிறுத்தை! மந்தி பார்த்தது. ஆமையும் பார்த்தது. சபை விதிப்படி "ம்ம்ம்" என்றது. வரவேற்புப் பாட்டு என்று நினைத்து விருந்தினர் ரசித்தார்கள். மான்குட்டி ஒன்று தலை நிமிராமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

அங்காயி முட்டைகளின் மேல் உட்கார்ந்தபடி பார்த்தாள். கத்தினால் கூட்டம் மேற்கே பாயும். மேற்கே இருப்பது அவள் முட்டைகள். அத்தனை குளம்பும் அவற்றின் மேல்தான் விழும். கத்தாவிட்டால் குட்டி போய்விடும்.

"கிழக்கே! கோரைக்குள்ள! ஓடுங்க, ஓடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"அது சபையின் குரல் அல்ல! யாரும் அசையாதீர்கள்!" என்றார் நாரை.

சபையின் நடைமுறை மான்களுக்கு நினைவு வரவில்லை. கூட்டம் எகிறி மேற்கே ஓடியது. சிறுத்தை பாய்ந்தது. அதன் நகத்தில் சிக்கியது வெறும் சேறு. உறுமிக்கொண்டே அது கோரைக்குள் திரும்பிப் போனது.

புழுதி அடங்கியது. சரளையில் ஒரே ஒரு முட்டைதான் உடையாமல் கிடந்தது. அங்காயி வாய்விட்டு அழுதாள். மான்குட்டி வந்து பக்கத்தில் நின்றது.

பாறை உச்சிக்குப் பறந்து தப்பிய நாரை மூச்சு வாங்கியபடி கேட்டார்: "அனுமதியில்லாமல் கத்தியது யார்?"

மந்தி கிளையை விட்டு இறங்கி வந்தது. "நீ அடைகாத்துக்கோ அங்காயி. இனிமே நான் கத்துறேன்!" என்றது. ஆமை நகர்ந்து வந்து தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தது. காட்டெருமை கோரையைப் பார்த்து நின்றது. அந்த ஒற்றை முட்டையைச் சுற்றி ஆளுக்கொரு திசை பார்த்துக் காவல் காத்தார்கள். பாறை மேல் நாரை மட்டும் "ம்ம்ம்" என்றார்.

கொம்பிலும் தோலிலும் எல்லா வகையையும் சேர்த்துவிட்டு, கருத்தில் மட்டும் ஒரே வகையை விட்டுவைக்கும் சபை, பார்வைக்கு அழகாக இருக்குமே தவிர ஆபத்துக்கு உதவாது.