ஏழாவது கேள்வி

சேந்தன் தன் ஆசிரியை வசுமதியைத் தேடி வந்தபோது அவர் துறை அறையில் தனியாக இருந்தார். ஒரு காலத்தில் அவரிடம் படித்தவன். இப்போது அதே பல்கலைக்கழகத்தில் தொலைநிலை மாணவர்களுக்கு ஆன்லைனில் பாடம் நடத்துகிறான்.

"என்னப்பா, முகம் வாடிக் கிடக்கு?"

"ஒரு பொண்ணு மேடம். ஜெபசீலின்னு பேரு. நேர்மைப் பாடத்துல ஃபெயில்."

காப்பியடிக்கக் கூடாது என்று சொல்லித் தருவதற்காகவே அவன் தயாரித்த பாடம் அது. வீடியோவைப் பார்த்துவிட்டுப் பத்துக் கேள்விகளுக்கு விடை தர வேண்டும். பத்துக்குப் பத்து வாங்கினால்தான் ஹால் டிக்கெட். நேர்மையில் ஒரு மார்க்கூடக் குறையக் கூடாதாம், சேந்தன் ஐயா போட்ட சட்டம்!

"மத்தவங்க?"

"எல்லாரும் பத்துக்குப் பத்து. இவ மட்டும் மூணு தடவையும் ஒன்பது. இனிமே எழுத முடியாது, சிஸ்டம் பூட்டிடுச்சு. ஜவுளிக்கடையில வேலை பாத்துக்கிட்டே படிக்கிற பொண்ணு. ஒரு வருஷம் வீணாப் போயிடும் மேடம். அவளுக்கு எப்படித்தான் புரிய வைக்கிறது?"

வசுமதி அவன் கையிலிருந்த போனைக் காட்டினார்.

"நீ எழுது."

"நானா? நான் போட்ட கேள்வி மேடம்."

"அப்ப சீக்கிரம் முடிஞ்சிடும்."

சிரித்துக்கொண்டே எழுதினான். மார்க் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒன்பது.

ஏழாவது கேள்வியில் சிவப்புக் குறி. 'நண்பர் விடைகளை அனுப்பினால் என்ன செய்வீர்கள்?' 'வேண்டாம் என்று சொல்வேன்' என்பதைத்தான் தொட்டிருந்தான். ஆனால் கேள்விகளை ஏற்றிய அன்று, அவசரத்தில், அதற்கு மேலே இருந்த வரியைச் சரியான விடையென்று குறித்து வைத்திருக்கிறான்: 'நன்றி சொல்லி வாங்கிக்கொள்வேன்.'

சேந்தன் போனிலிருந்து நிமிர்ந்தான்.

"அப்போ மத்தவங்க எல்லாரும்..."

"எதைத் தொட்டா மார்க் விழும்னு ஒருத்தர் கண்டுபிடிச்சு வாட்ஸ்அப் குரூப்புல போட்டிருப்பாங்க."

"ஜெபசீலியும் அந்த குரூப்புல இருக்கா மேடம்."

எதைத் தொட்டால் மார்க் என்று தெரிந்தும் அதைத் தொடாமல் விட்டிருக்கிறாள். சேந்தன் போனில் அவள் பெயரைத் தேடி எடுத்தான்.

"இப்பவே அவளுக்குத் திறந்து விடறேன். விடையையும் சத்தமில்லாம மாத்திடறேன், யாருக்கும் தெரியப்போறதில்ல. ஆனா மத்தவங்களை விடமாட்டேன். நாளைக்கு ஆன்லைன் வகுப்புல ஒவ்வொருத்தரா கேக்கப் போறேன். காப்பியடிச்சதை அவங்க வாயாலயே ஒத்துக்கணும்."

வசுமதியின் குரலில் கோபம் இல்லை.

"கேளு. ஆனா முதல்ல நீ சொல்லு. பாவம், தப்பை ஒத்துக்கறது எப்படின்னு அவங்களுக்கு இதுவரைக்கும் யாருமே செஞ்சு காட்டினதில்ல."