காசு டப்பாவும் ஆணி டப்பாவும்

சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு நாற்பத்தாறு. சீடர் குருவை "மேஸ்திரி" என்பார். குரு சீடரை "அண்ணே" என்பார். இப்படி ஒரு குருகுலத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சீடர் பொன்னுலிங்கம் டி.வி. மெக்கானிக். ரிப்பேருக்கு ஆள் வருவது நின்றுபோன பிறகு, கடையில் மிஞ்சிய உதிரிகளையும் செம்புக் கம்பியையும் வைத்து, மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கூவுகிற கருவி ஒன்றைத் தானே செய்தார். மனைவி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. கருவியைத் தூக்கிக்கொண்டு, உப்பளத்துக்கு அப்பால் பாழடைந்து கிடந்த கோட்டைமேட்டுக்குப் போய்விடுவார். அங்கே நடந்த நாளில்தான் அவருக்குச் சோறு இறங்கியது.

குரு சவரியம்மாள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அகழாய்வு நடக்கிற இடங்களில் இருபது வருஷம் குழி வெட்டி, கூலியாட்களுக்கு மேஸ்திரியானவர். பெரிய படிப்புப் படித்தவர்களும் அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அடுத்த கொத்துப் போடுவார்கள் என்று ஊரில் பேச்சு.

பொன்னுலிங்கம் அவரிடம் கொண்டுபோனது ஒரே ஒரு கேள்வி. கருவி சோடா மூடிக்கும் கூவுகிறது, துருப்பிடித்த ஆணிக்கும் கூவுகிறது. காசின் சத்தத்தை மட்டும் எப்படிப் பிரித்துக் கேட்பது?

சவரியம்மாள் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, கடையில் ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

"எது கிடைச்சாலும் எடுக்கிறதுக்கு முன்னாடி எழுதுங்கண்ணே. எந்த இடம், எவ்வளவு ஆழம், மேல என்ன மண், கீழ என்ன மண்."

"சோடா மூடிக்குமா?"

"அதுவும் மண்ணுக்குள்ளதான கிடக்கு?"

பொன்னுலிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனாலும் சொன்னதைச் செய்தார். இடிந்த கிணற்றிலிருந்து தப்படி போட்டு அளந்து, ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டி நம்பர் போட்டு, பால்பவுடர் டப்பாவில் சேர்த்தார். பாதிக்கு மேல் ஆணிகள். விரல் நீளத்துக்கு, பட்டறையில் அடித்த ஆணிகள்.

மூன்று மாதம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்டார். இன்னொரு நோட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார் மேஸ்திரி.

அந்த நோட்டின் நடுவில்தான் முதல் காசு கிடைத்தது. கட்டைவிரல் நகம் அளவுச் செம்பு. ஒரு பக்கம் மீன் மாதிரி ஏதோ தெரிந்தது. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. குழியைக்கூட மூடாமல் வீட்டுக்கு ஓடி, மனைவியின் படத்துக்கு முன்னால் அதை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு நோட்டின் ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டார். காசு கிடைத்த இடத்தை எவனாவது மறப்பானா?

அப்படியே இரண்டு வருஷத்தில் முப்பத்தொரு காசு சேர்ந்தது. அவற்றுக்குத் தனியாக ஒரு பிஸ்கட் டப்பா. மேஸ்திரியிடம் மூச்சு விடவில்லை. ஐம்பது சேரட்டும், ஒரேயடியாகக் காட்டி அசத்திவிடலாம் என்று இருந்தார்.

ஐம்பது சேர்வதற்குள் மேட்டடியில் பொக்லைன் வந்து நின்றது. மேட்டைத் தட்டையாக்கி இறால் பண்ணை போடப் போகிறார்கள் என்றார்கள்.

பொன்னுலிங்கம் பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக அலைந்தார். கடைசியில் தொல்லியல் ஆபீசில் ஒரு அதிகாரி உட்காரவைத்து, காசுகளை லென்ஸில் பார்த்தார். அசல்தான் என்றார். பொன்னுலிங்கம் எழுந்து கும்பிடப் போனார்.

"அவசரப்படாதீங்க," என்றார் அதிகாரி. "இந்த மாதிரிக் காசு ஆற்று மணல்லயும் கிடைக்குது, சந்தையிலயும் கிடைக்குது. அந்த மேட்டுல இருந்துதான் எடுத்தீங்கன்னு எதை வச்சு நான் எழுதுறது? வியாழக்கிழமை வர்றேன். நேர்ல காட்டுங்க."

பொன்னுலிங்கம் நேரே மேஸ்திரியிடம் வந்தார். இருவரும் மேட்டுக்குப் போனார்கள். இரண்டு டப்பாவையும் நோட்டுகளையும் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு, மறைத்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மேடு போய்விட்டால் நாளைக்குக் காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியவில்லை என்றும் சொன்னார்.

சவரியம்மாள் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவரோ பால்பவுடர் டப்பாவைத் திறந்து, கைக்கு வந்த ஆணி ஒன்றை எடுத்தார். சீட்டில் நூற்றுப் பன்னிரண்டு என்று இருந்தது.

"இதை எடுத்த இடத்துல வச்சிட்டு வாங்க."

பொன்னுலிங்கத்துக்குக் கோபம் வந்தது. பொக்லைன் வாசலில் நிற்கும்போது ஆணியோடு என்ன விளையாட்டு? இருந்தாலும் நோட்டைப் புரட்டினார். கிணற்றிலிருந்து கிழக்கே பதினாறு தப்படி. முழ ஆழம். நடந்தார். கொத்துக்கரண்டியால் தோண்டினார். முதலில் மணல் வந்தது, பிறகு நாலு விரல் கனத்துக்குச் சாம்பல், அதற்குக் கீழே செங்கல் தளம். ஆணியைச் செங்கல்மேல் வைத்துவிட்டுத் திரும்பினார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

சவரியம்மாள் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். மீன் போட்ட காசை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இதையும்."

பொன்னுலிங்கம் வேகமாகத்தான் போனார். கிணற்றுக்குத் தெற்கே ஒரு உடைமரத்தடியில் என்று நன்றாக ஞாபகம். தெற்கே உடைமரம் இல்லை. கரிக்கு வெட்டிவிட்டார்களோ? இல்லை, மரத்தடியில் கிடைத்தது வேறு காசு. இது மழை பெய்த மறுநாள் கிடைத்தது. மழை பெய்த மறுநாள் எந்தப் பக்கம் நடந்தோம்? மேற்கே போனார். மறுபடி கிணற்றுக்கு வந்தார். வடக்கே போய்ப் பாதியில் நின்றார். எந்தப் பக்கம் திரும்பினாலும் மேடு ஒன்றுபோலவே கிடந்தது. உள்ளங்கை வியர்வையில் காசு நனைந்துவிட்டது.

வெயில் ஏறிய பிறகு திரும்பி வந்து, காசைச் சுவரின்மேல் வைத்தார்.

"தெரியல மேஸ்திரி."

சவரியம்மாள் நோட்டைப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக, சத்தமாகப் படித்தார். ஆணி, மேலே சாம்பல், கீழே செங்கல். அடுத்த பக்கம் ஆணி, மேலே சாம்பல், கீழே செங்கல். அதற்கடுத்த பக்கமும் அதுதான்.

"ஆணி அடிச்ச மரக்கூரை எரிஞ்சு விழுந்த சாம்பல்ண்ணே இது. மேடு பூராவுமா இருக்கு?"

"பூராவும்தான். அலுப்பா இருந்துச்சு, எழுதி எழுதி." பொன்னுலிங்கம் கீழே உட்கார்ந்துவிட்டார். "மேடு போயிரும், இல்ல மேஸ்திரி? வியாழக்கிழமை அவர் வந்து கேட்டா நான் எதைக் காட்டுவேன்?"

சவரியம்மாள் பிஸ்கட் டப்பாவை மூடி அவர் பக்கமாக நகர்த்தினார்.

"காசை ஆபீஸ்ல ஒப்படைச்சிருங்கண்ணே," என்றார். "வியாழக்கிழமை வரும்போது ஆணி டப்பாவையும் நோட்டையும் கொண்டாங்க."