கழற்றிக் கொடுத்த குடுக்கை

மணல்வெளியை ஒட்டி ஒரு காடு இருந்தது. அந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது. குளம் வற்றிச் சேறாகி, சேறும் காய்ந்து வெடித்தது. மணலுக்கு அப்பால் பெரிய ஏரி இருப்பதாகக் கேள்விப்பட்டு, விலங்குகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின.

கூரன் என்ற முள்ளம்பன்றியும் புறப்பட்டது. எதையும் நிதானமாகச் செய்கிற பிராணி அது. ஒரே ஒரு குறை. உடம்பெல்லாம் முள் இருந்தும், யாரிடமும் "முடியாது" என்று சொல்ல அதற்கு வாய் வராது.

"கூரண்ணா, நானும் வருகிறேன். வழியில் உனக்குப் பேச்சுத்துணை ஆயிற்று" என்று தாவன் என்ற குரங்கு வந்து ஒட்டிக்கொண்டது.

பாறை இடுக்கில் கசிந்த தண்ணீரைப் பொறுமையாகப் பிடித்து, ஆளுக்கொரு சுரைக்குடுக்கையில் நிரப்பிக் கொடியால் கழுத்தில் கட்டிக்கொண்டன.

காட்டு விளிம்பில் ஓர் ஒட்டகம் முள்மரத்தை மென்றுகொண்டிருந்தது. கூரன் அதனிடம் வழி கேட்டது.

"சூரியன் மறைகிற திசையில் போங்கள்" என்றது ஒட்டகம். "வெயில் ஏறினால் நடக்காதீர்கள். பாறை நிழலில் படுத்திருந்து, வெயில் தாழ்ந்ததும் கிளம்புங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். நடுப்பகலில் தூரத்தில் ஏதாவது பளபளத்தால் அது கானல். அதன் பின்னால் ஓடியவர்கள் யாரும் திரும்பி வந்து என்னிடம் வழி கேட்டதில்லை."

"இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்தது தாவன்.

விடியற்காலையில் நடக்கத் தொடங்கின. தாவன் நினைத்தபோதெல்லாம் குடித்தது. உச்சந்தலையில் ஊற்றிக்கொண்டது. மணல் சுட்டதும் காலையும் நனைத்துக்கொண்டது. வெயில் உறைக்கும் முன்பே அதன் குடுக்கை காலி.

"கூரண்ணா, ஒரே ஒரு மடக்கு!"

கூரன் கொடுத்தது. சற்று தூரம் போனதும் தாவன் மறுபடி கேட்டது.

"நமக்குள் என்ன உனது, எனது?"

கூரன் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு மறுபடியும் கொடுத்தது.

உச்சி வெயிலில் ஒரு பாறை கிடைத்தது. கூரன் நிழலில் சுருண்டு படுத்தது. தாவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அதோ பார், ஏரி!"

"கானல், தம்பி. ஒட்டகம் சொன்னதே!"

"நீ படுத்திரு. நான் ஓடிப் பார்த்துவிட்டு வருகிறேன். உன் குடுக்கையைக் கொடு, நிரப்பிக்கொண்டு வந்துவிடுகிறேன்."

"உன் குடுக்கைதான் காலியாக இருக்கிறதே?"

"அது கீறல் விட்டுவிட்டது அண்ணா, ஒழுகுகிறது."

"இதில் இன்னும் தண்ணீர் இருக்கிறது..."

"ஒரு சொட்டுத் தொடமாட்டேன். என்ன அண்ணா, என்னையே நம்பவில்லையா?"

அந்தக் கேள்வியில் கூரன் கூசிப்போயிற்று. கழுத்துக் கொடியை அவிழ்த்துக் குடுக்கையைக் கொடுத்துவிட்டது.

நிழல் நீண்டது. வெயில் தாழ்ந்தது. தாவன் வரவில்லை.

கூரன் கோபப்பட்டதா என்று கேட்பீர்கள், குழந்தைகளே. இல்லை. 'பாவம், எங்கே விழுந்து கிடக்கிறதோ' என்றுதான் அது பதறியது. தன் தொண்டை எரிவதையும் மறந்து, காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டு தேடிப் போயிற்று.

மணல்மேட்டுக்குப் பின்னால், கூரன் கொடுத்த குடுக்கை கவிழ்ந்து கிடந்தது. எடுத்து நக்கிப் பார்த்தது. வாயில் மணல்தான் ஒட்டியது.

தடங்கள் அங்கிருந்து கானல் தெரிந்த பக்கம் போகவில்லை. ஒட்டகம் சொன்ன திசையில், ஏரியை நோக்கி நேராகப் போயிருந்தன.

கூரன் அந்தத் தடங்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு நடந்தது. விழுந்தது. எழுந்து நடந்தது. நாக்கு வீங்கி, பாதம் வெந்து, ஒருவழியாக ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது புலர்ந்திருந்தது.

கரையில், மான்களும் முயல்களும் சூழ்ந்திருக்க, தாவன் பேசிக்கொண்டிருந்தது.

"பாலையில் நிதானம் வேண்டும். எவ்வளவோ சொன்னேன். கூரண்ணன் கேட்கவில்லை. தண்ணீரைக் கண்டபடி குடித்துத் தீர்த்துவிட்டு, கானலைப் பார்த்து ஓடிவிட்டது. பாவம்!"

அதற்குள் கூரனைப் பார்த்துவிட்டது. ஒரு கணம் திகைத்தது. அடுத்த கணம் தாவி ஓடி வந்தது.

"ஐயோ அண்ணா, உயிரோடு இருக்கிறாயா!" என்று கதறியபடி, ஓர் இலையைக் குவித்துத் தண்ணீர் அள்ளி நீட்டியது.

"இப்படி ஒரு நண்பன் யாருக்குக் கிடைப்பான்?" என்றது ஒரு மான். "கூரா, இனிமேலாவது தாவன் சொல்வதைக் கேட்டு நட."

கூரன் பதில் சொல்ல வாய் திறந்தது. வீங்கிய நாக்கு புரளவில்லை. முகத்தருகே இலையில் தண்ணீர் தளும்பியது.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அது தலையைக் குனிந்து, அந்தக் கையிலிருந்தே குடித்தது.

நீதி: பாலை வழியில் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுக்கலாம், குடுக்கையைக் கழற்றிக் கொடுக்கக் கூடாது.