கொதிக்கும் ரசமும் பழைய டப்பாவும்

செங்கமலம் தேங்காய் நாரால் அந்தப் பிளாஸ்டிக் டப்பாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எப்போதோ ஐஸ்கிரீம் வாங்கிய டப்பா. சாம்பார் மஞ்சள் அதில் ஊறி உட்கார்ந்துவிட்டது. கை வலித்ததுதான் மிச்சம், கறை போகிற வழியைக் காணோம்.

மடத்தில் சாப்பிட வருகிறவர்கள் வீட்டுக்கும் கொஞ்சம் வாங்கிப்போக டப்பா கொண்டுவருவார்கள். அதைக் கழுவி நிரப்பித் தருவது அவள் வேலை. நாளெல்லாம் ஆள் வந்துபோகிற இடம்தான். ஆனாலும் "நீ சாப்பிட்டியா" என்று அவளைக் கேட்க ஒருவரும் இல்லை.

மகள் கோகிலவாணி அவளோடு பேசி ஒரு வருஷம் ஆகிறது. இன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மடத்துக்கு வருகிறாளாம். சாமி கும்பிடத்தானாம், அம்மா இங்கே இருப்பது அவளுக்குத் தெரியாதாம். சேதி சொன்னவர்கள் அதையும் சேர்த்தே சொல்லிவிட்டுப் போனார்கள்.

மடத்துக் குரு அடுக்களைக்குள் வந்தார். செங்கமலத்தைவிட வயதில் சின்னவர்.

"என்னம்மா, பந்தி பரிமாற வரலையா?"

"இன்னிக்கு நான் உள்ளேயே இருந்துக்கறேன் சாமி."

"மகளைப் பாக்கப் பயமா?"

நாரைக் கீழே போட்டாள்.

"நான் சொன்னது தப்பா சாமி? இதே மாதிரி கீறல் விழுந்த டப்பா. கொதிக்கக் கொதிக்க ராகிக்கூழை அதுல ஊத்திப் புள்ளைக்கு ஆத்தினா. சூடு பட்டா பிளாஸ்டிக்குல இருக்கற கெமிக்கல் சாப்பாட்டுல இறங்கும், கண்ணுக்குத் தெரியாது, வாசமும் வராதுன்னு நர்ஸம்மா சொல்லியிருந்தாங்க. சின்னப் புள்ளைங்களுக்கு ஆகவே ஆகாதாம்."

"அதை மககிட்ட சொன்னீங்களா?"

"டப்பாவைப் பிடுங்கித் தெருவுல வீசினேன். மாமியார்க்காரி நிக்கறா, அக்கம்பக்கம் நிக்குது. 'பெத்த புள்ளைக்கே விஷம் வைக்கறியாடி'ன்னு கேட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"இனிமே இந்த வாசப்படி மிதிக்காதேன்னா."

அடுப்பில் ரசம் நுரை கட்டிப் பொங்கியது. அவள் தேய்த்துவைத்த டப்பாவைக் குரு எடுத்து நீட்டினார்.

"இதுல ரசம் ஊத்துங்க."

"ஐயோ, கொதிக்குது சாமி!"

"பசிக்குதே."

"சில்வர் கிண்ணத்துல தரேன், இருங்க."

"எனக்கு இதுதான் வேணும்."

"நல்ல பிடிவாதம் போங்க!" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ ஆறட்டும். இப்பவே ஊத்தினா டப்பாவுல இருக்கறது இதுல இறங்கிடும். ரசத்து மேல குத்தமில்லை சாமி. அது நல்ல ரசம்தான். சூடுதான் ஆகாது."

குரு டப்பாவைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு உங்க வார்த்தையை நீங்க ஆறவிட்டீங்களாம்மா?"

செங்கமலத்தின் சிரிப்பு நின்றது. முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

பந்திக் கூடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. ஒரு வருஷமாக அவள் கேட்காத குரல்.

"உள்ளே யாருங்க? புள்ளைக்குச் சோறு பிசையணும். பிளாஸ்டிக் வேண்டாங்க, ஒரு சில்வர் கிண்ணம் கிடைக்குமா?"

செங்கமலம் ரசத்தை அடுப்பிலிருந்து இறக்கினாள். கிண்ணத்தைத் தேடி எடுத்தாள்.

"இதோ கொண்டாரேன். ரசம் மட்டும் கொஞ்சம் ஆறட்டும் கண்ணு, அம்மாவே ஆத்தித் தரேன்."