துணி சுற்றிய மூன்று சைக்கிள்கள்

குரு என்றால் நரைத்த தாடி, சீடன் என்றால் அரும்பு மீசை என்று நினைப்பவர்கள் இந்தக் கதைக்காக இருவரையும் இடம் மாற்றி உட்கார வைக்க வேண்டும். குரு தமயந்திக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு காலத்தில் மாநில அணிக்காகப் பந்தய சைக்கிள் ஓட்டியவர். இப்போது கோயம்புத்தூர் வடவள்ளியில் மற்றவர்களுக்குக் கற்றுத் தருகிறார்.

சீடன் சென்னியப்பனுக்கு ஐம்பத்து நான்கு. கணபதியில் பம்ப்செட் உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். ஆரம்பத்தில் அவர் தமயந்தியை "அம்மிணி" என்றுதான் கூப்பிட்டார். கோத்தகிரி மலையை முதல் தடவை ஏறி இறங்கிய அன்றைக்கு அது "கோச்சு" ஆகிவிட்டது.

சென்னியப்பனிடம் நீல நிறத்தில் ஒரு சைக்கிள் இருந்தது. ஸ்டீல் ஃபிரேம். அதைச் செய்த கம்பெனியே இழுத்து மூடப்பட்டுவிட்டது. வருஷா வருஷம் தமயந்தியின் குழுவோடு கோத்தகிரி போய் வந்தது அதில்தான். போன வருஷம் இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் அதன் கீழ்க்குழாய் விரிசல் விட்டுப் பிளந்துவிட்டது. வண்டி ஒரு பக்கம் போயிற்று, அவர் ஒரு பக்கம் போனார். தோள் எலும்பு உடைந்து, பிறகு கூடிவிட்டது. ஃபிரேம் கூடவில்லை.

அதே மாதிரி இன்னொரு ஃபிரேம் வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். ஆனால் கேட்டவர் பம்ப்செட்காரர் ஆயிற்றே. தலைமுடியைக் கொடுத்தால் அதன் தடிமனைக் கேட்கிற தொழில். பழைய ஃபிரேமைப் பட்டறையின் கல் மேஜையில் கிடத்தி, குழாய்களின் நீளம், முன்குழாயின் சாய்வு, பின்சக்கரம் தள்ளி உட்காரும் தூரம் என்று ஒன்று விடாமல் அளந்து வரைபடம் போட்டார். பிறகு சென்னை, பெங்களூர், புனே என்று தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும் பிடித்துக் குடைந்தார்.

பெட்டி பெட்டியாக ஃபிரேம்கள் வந்தன. வந்த வேகத்தில் திரும்பிப் போயின. "பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தப்பக்கூட இத்தனை பேரைத் தட்டிக் கழிக்கலீங்க" என்று அவர் மனைவி போன் போட்டு தமயந்தியிடம் முறையிட்டார். மனிதர் அசரவில்லை. ஒரு பெட்டி போனால் அடுத்த பெட்டிக்குச் சொல்லிவிடுவார்.

ஒரு நாள் சாம்பல் நிற ஃபிரேம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கோச்சிடம் வந்தார்.

"இதுக்கு என்ன குறைங்கண்ணா?"

"முன்குழாய் அரை டிகிரி நிமிந்து நிக்குதுங்க."

"அரை டிகிரிதானே?"

"பம்ப் ஷாஃப்டு அரை டிகிரி சாஞ்சா மோட்டாரே புகைஞ்சு போயிருமுங்க கோச்சு."

"ஓட்டிப் பார்த்தீங்களா?"

"அளவே சேரலை. ஓட்டி என்னத்துக்குங்க?"

"அதுக்கு முன்னாடி வந்ததை?"

"அதுவும் சேரலீங்க."

தமயந்தி அந்த ஃபிரேமை வாங்கித் தன் ஷெட் சுவரில் மாட்டினார். "இதைத் திருப்பி அனுப்ப வேண்டாம். இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

சென்னியப்பனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் குருவாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டார்.

மறுபடி கோத்தகிரிப் பயணம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிய மேட்டுப்பாளையத்தில் எல்லோரும் கூடுவது என்று ஏற்பாடு. அந்த வாரத்தின் தொடக்கத்தில் சென்னியப்பன் வெறுங்கையோடு வந்தார். தாடி மழிக்காத முகம். தேடித் தேடி ஆள் பாதியாகியிருந்தார். பிடிவாதம் மட்டும் முழுசாக இருந்தது.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள கிடைச்சாகணுமுங்க கோச்சு. விட மாட்டேன்."

"கிடைக்கலைன்னா?"

அவர் ஷெட்டில் நின்ற மற்றவர்களின் சைக்கிள்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இந்த வருசம் போகலைன்னா இனி எந்த வருசமும் போக மாட்டனுங்க. அது எனக்கே தெரியுது."

பட்டறை, பேரன், ரத்த அழுத்த மாத்திரை என்று மற்றதெல்லாம் எல்லாருக்கும் இருப்பதுதான். மலை மட்டும்தான் அவருடையது. அது இல்லாத தன்னை நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

"அந்த வண்டி மாதிரியே ஒண்ணு எங்கதானுங்க இருக்குது?" என்று கேட்டார்.

"பழைய ஃபிரேமை இன்னைக்கே என்கிட்ட அனுப்பி வைங்க. சனிக்கிழமை காலைல ஷூவும் ஹெல்மெட்டும் மட்டும் எடுத்துட்டு வாங்க."

சனிக்கிழமை அவர் வந்தபோது ஷெட் வாசலில் மூன்று சைக்கிள்கள் வரிசையாக நின்றன. மூன்றுக்கும் ஒரே மாதிரி சக்கரம், ஒரே மாதிரி ஹேண்டில்பார், சீட்டும் அவர் காலுக்கு ஏற்ற உயரத்தில். ஃபிரேம் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. பழைய வேட்டியைப் பட்டை பட்டையாகக் கிழித்து, குழாய் ஒன்றுகூட வெளியே தெரியாதபடி சுற்றியிருந்தார் தமயந்தி. பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்தவை போல இருந்தன.

சென்னியப்பனின் கை தன்னால் பாக்கெட்டிலிருந்த அளவு டேப்புக்குப் போயிற்று.

"டேப்பை மேஜை மேல வைங்கண்ணா."

வைத்தார்.

"அந்த மேட்டை ஏறுங்க. தண்ணித் தொட்டிகிட்ட திரும்பி, வளைவுல இறங்கி வாங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு தரம். எது உங்க பழைய வண்டி மாதிரி இருக்குன்னு சொல்லுங்க."

மலையில் விழுந்த பிறகு அவர் சைக்கிள் ஏறுவது அன்றைக்குத்தான். முதல் சைக்கிளில் போனவர் வர வெகுநேரம் ஆயிற்று. பிரேக்கின் கிறீச்சொலி வளைவு நெடுக வந்துகொண்டே இருந்தது. வந்து இறங்கியபோது சட்டை நனைந்திருந்தது.

"இது வேண்டாமுங்க கோச்சு. வளைவுல முன்சக்கரம் பயப்படுது. இதுல கோத்தகிரி இறங்கினா நான் ஊடு வந்து சேர மாட்டேன்."

இரண்டாவதில் போனார். இந்தத் தடவை பிரேக் சத்தம் பாதி வளைவில் நின்றது. வரும்போதே கையை ஆட்டினார்.

"இதுதானுங்க! இதேதான்! எங்கிருந்து புடிச்சீங்க?"

"மூணாவதையும் பார்த்துடுங்க."

மூன்றாவதையும் ஓட்டி வந்தார். மோசமில்லை, ஆனால் கொஞ்சம் சோம்பல் வண்டி என்றார். மனசு இரண்டாவதிலேயே நின்றுவிட்டது. அதன் சீட்டைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்.

"நல்லா யோசிச்சீங்களா அண்ணா?"

"பட்டறை மேல சத்தியமுங்க. என்ற வண்டி எனக்குத் தெரியாதுங்களா?"

தமயந்தி இரண்டாவது சைக்கிளின் துணியை அவிழ்த்தார். சாம்பல் நிறம் தெரிந்தது. சுவரில் மாட்டி வைத்திருந்த அதே ஃபிரேம்.

சென்னியப்பன் சீட்டிலிருந்து கையை எடுத்தார்.

"அரை டிகிரி..." என்றார்.

மூன்றாவது தமயந்தியின் தம்பியுடையது. அதையும் அவிழ்த்துவிட்டு முதலாவதன் பக்கம் திரும்பினார். இரண்டு சுற்று அவிழ்ந்ததுமே நீலம் தெரிந்தது. மேல்குழாயில் முழங்கால் உரசி உரசிப் பெயிண்ட் போன இடம் தெரிந்தது. கீழ்க்குழாய் மட்டும் புதிதாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது.

சென்னியப்பனுக்கு முதலில் வந்தது கோபம்.

"குழாயை மாத்தியிருக்கறீங்க. அப்ப அளவு மாறியிருக்குமுங்க. அதான் அப்படி ஆடுச்சு."

தமயந்தி டேப்பை எடுத்து நீட்டினார்.

அவர் தரையில் மண்டியிட்டு அளந்தார். வரைபடம் அவருக்கு மனப்பாடம். முன்னிருந்து பின், பின்னிருந்து முன், மேலிருந்து கீழ் என்று அளந்தார். சந்தேகம் தீராமல் காரிலிருந்து கோணமானியைக் கொண்டுவந்து முன்குழாயில் வைத்தார். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. வெயில் ஏறிவிட்டது. தமயந்தி அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் டேப் தானாகச் சுருண்டு உள்ளே போயிற்று.

"எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது."

"ம்."

"அப்ப அந்த வளைவுல முன்சக்கரம் பயந்துச்சே, அது எப்படிங்க?"

"சக்கரத்துக்குப் பயப்படத் தெரியாதுங்கண்ணா."

சென்னியப்பன் மண்டியிட்டபடியே இருந்தார். முகம் சிவந்தது. ஊர் ஊராகத் தேடியது, திருப்பி அனுப்பியது, மனைவியிடம் சண்டை போட்டது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் எழுந்து போய்விடவும் மனம் வரவில்லை.

தமயந்தி கீழே கிடந்த துணியை எடுத்து, நீல ஃபிரேமில் மறுபடி சுற்றத் தொடங்கினார். பிறகு சாம்பலுக்கும் தம்பியுடையதற்கும் சுற்றினார். சென்னியப்பன் எழுந்து துணியின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார். மூன்றும் முன்பு போலவே வெள்ளையாக நின்றன.

"நாளைக்கு வர்றனுங்க கோச்சு" என்றார். "எதுல வரட்டுங்க?"

"விடியக்காலைல ஷெட்டுல இருட்டா இருக்கும். மூணுல கைக்கு எது தட்டுப்படுதோ அதை எடுத்துட்டு வாங்க."