மயிலாத்தா எடுத்த காசு

கரூர்ப் பக்கம் கிரேக்கக் காசு பார்த்துச் சொல்ல வசுமதி டீச்சரை விட்டால் வேறு ஆளில்லை. அலெக்சாண்டருக்குப் பின்னால் வந்த ராஜாக்களின் வெண்கலக் காசு என்றால், விளிம்பைத் தடவியே ஊர் சொல்லிவிடுவார்.

அவருக்கு ஒரே சீடர், சென்னியப்பன். டீச்சரைவிட வயதில் மூத்தவர். கம்பிக் கடையை மகன் தலையில் கட்டிவிட்டு, தலை நரைத்தபின் பாடம் படிக்க வந்தவர்.

வந்ததே ஒரு காசுக்காகத்தான். அமராவதி ஆற்றில் குளிக்கப் போன அவர் மனைவி மயிலாத்தா மணலில் எடுத்தது அது. “ஏனுங்க, இதுல ஒரு ராசா இருக்காரு. யாருன்னு கேட்டுச் சொல்லுங்க” என்றாள். கேட்டுச் சொல்வதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அது அந்த மனுஷனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

விளிம்பு பல் பல்லாக இருந்தால் சிரியா, நடுவில் சிறு குழி இருந்தால் எகிப்து என்று எல்லாம் படித்தார். டீச்சர் நீட்டிய காசுகளுக்கெல்லாம் சரியாகப் பெயர் சொன்னார். தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று டீச்சரிடம் காட்டாமல் வீட்டில் வைத்திருந்த அந்தக் காசு மட்டும் பிடி கொடுக்கவில்லை. காலையில் பார்த்தால் பின்பக்கத்தில் எகிப்துக் கழுகு தெரியும். சாயங்காலம் அதுவே சிரியா யானையாகிவிடும். தூங்கினால், ராஜாக்கள் காசிலிருந்து இறங்கி, முழங்கால் தண்ணீரில் ஆற்றைக் கடந்து வாசல்வரை வருவார்கள். பெயர் கேட்டால் சிரிப்பார்கள். விழித்தபின்னும் கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் காதில் இருக்கும்.

ஒரு மத்தியானம், தூறலில் நனைந்துகொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் காசு, மறு கையில் புளி உருண்டை.

“நாளைக்கு அவளுக்குத் திதிங்க டீச்சர். ராசா பேரை அவகிட்டச் சொல்லியே ஆகோணும். புளி போட்டுத் தேய்ச்சா எழுத்துத் தெரியுமுங்களா?”

“தெரிஞ்சாலும் தெரியும். இருக்கற முகமும் போனாலும் போயிரும்.”

சென்னியப்பன் புளியைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

“அப்ப நீங்களே பாத்துச் சொல்லிருங்க.”

“உங்களுக்கு யாரு தெரியறாங்கண்ணா?”

“இன்னைக்கு சிரியா ராசா அந்தியோகஸுங்க. தலையில கட்டுன ராசப்பட்டி நல்லாத் தெரியுது. மூக்குகூட...”

“மூக்குகூட?”

“மயிலாத்தா மூக்காட்டவே இருக்குதுங்க.”

டீச்சர் சிரிக்கவில்லை.

“காசைக் கைக்குள்ள மூடிக்கங்க. கண்ணையும்.”

மூடிக்கொண்டார். தூறல் மழையாகி, நின்று, மறுபடி தூறலானது. அவருக்குத் தூக்கம்போல ஏதோ வந்தது. ஆறு ஓடியது. யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன தெரியுது?” டீச்சரின் குரல் தொலைவிலிருந்து கேட்டது.

“கதகதன்னு இருக்குதுங்க. உசிரோட இருக்கறாப்பல.” அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அந்தச் சூடு எந்த ராசாவோடது?”

சென்னியப்பன் காசை விரலால் ஒருதரம் அழுத்திப் பார்த்தார்.

“என்னோடதுதானுங்க.”

கண்ணைத் திறந்தபோது தண்ணீர் கட்டி நின்றது. விரல்கள் மட்டும் காசை விடவில்லை.

“அப்ப இது யாரோட காசுங்க டீச்சர்? அவகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?”

டீச்சர் மேஜைமேல் வெள்ளைத் துணி ஒன்றை விரித்தார்.

“கீழ வைங்கண்ணா. உங்க சூடு ஆறட்டும். அப்புறம் பாக்கலாம்.”