பதினேழாம் கூட்டைக் கடக்கும் விதம்

கனடாவின் வடக்கே, மரங்கள் இடுப்பளவுக்கு மேல் வளர மனமில்லாமல் நின்றுவிடும் இடத்தில், ஒரு வனவிலங்கு ஆய்வு நிலையம் இருந்தது. கோடையில் யார் வேண்டுமானாலும் தொண்டராகப் போய் வேலை செய்யலாம். சாப்பாடும் படுக்கையும் தருவார்கள். கொசுக்கடியும் தாராளமாகக் கிடைக்கும்.

தாணுலிங்கம் மூன்று வாரம் இருப்பதாகப் போனார். நாகர்கோவில் பக்கத்துப் பள்ளியொன்றில் முப்பது வருடம் விலங்கியல் நடத்தி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. வின்னிபெக்கில் இருக்கும் மகன்தான் ரயிலேற்றிவிட்டான்.

அங்கே பறவைகளுக்குப் பொறுப்பு டாக்டர் மாதுமை. வயது முப்பத்தைந்து. ஆறு வயதில் திருகோணமலையிலிருந்து வந்தவள். இந்தக் கதையில் குரு அவள்தான். அதை ஒத்துக்கொள்ளத் தாணுலிங்கத்துக்கு ஒரு வாரம் பிடித்தது.

முதல் நாள் காலையிலேயே அவர், ஊரில் பிள்ளைகளைக் கூப்பிடும் வாக்கில், அவளிடம் கேட்டார்.

"மக்களே, ஒரு பறவைய ஒழுங்காப் பாக்கது எப்படி? நான் போர்டுல வரைஞ்சே காலத்தைக் கழிச்சுட்டேன்."

"சப்பாத்தைப் போடுங்கோ சேர்," என்றாள் மாதுமை.

ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு மூன்று பேராகப் போனார்கள். பின்னால் துப்பாக்கியோடு ஜோயல் வந்தான். பக்கத்து ஊர்க்காரன், கிரீ பழங்குடி. பனிக்கரடி வருகிறதா என்று பார்ப்பது அவன் வேலை. அதைத் தவிர வேறெதையும் அவன் பார்க்கமாட்டான்.

நிலமெல்லாம் ஈரப்பாசி. கால் வைத்த இடம் அமுங்கியது. மாதுமை கொஞ்ச தூரம் நடப்பாள், சில நொடி நிற்பாள், நின்ற இடத்தைத் தாண்டி முன்னாலேயே போவாள். இப்படி ஆறு இடம். வந்த வழியில் திரும்பவே இல்லை. பெரிய வட்டமடித்து நிலையத்தின் மறுபக்கம் வந்து சேர்ந்தார்கள்.

"கூட்டை எப்பம் பாப்போம்?" என்று கேட்டார் தாணுலிங்கம்.

"பாத்தாச்சு. மூண்டாவதா நிண்ட இடம். நாலு முட்டை."

"மத்த அஞ்சு இடத்துல?"

"ஒண்டுமில்லை."

"பின்ன எதுக்கு நின்னோம்?"

"இந்தப் பக்கம் ஒரு நரி திரியுது சேர். மனிசர் நடந்த தடத்தை மோந்துகொண்டே வரும். தடம் எந்த இடத்தில முடிஞ்சு திரும்புதோ, அங்க ஏதோ இருக்கெண்டு அதுக்குத் தெரியும். அதால கூட்டிலயும் அதே அளவுதான் நிக்கிறது, கூடு இல்லாத இடத்திலயும் அதே அளவுதான் நிக்கிறது. போன வழியால திரும்பிறதும் இல்லை."

அந்தக் கோடையில் பத்தொன்பது கூடுகள் இருந்தன. பதினொன்றை நரி காலி செய்திருந்தது. அப்படிக் காலியான ஒன்றை அவள் போகிற போக்கில் அவருக்குக் காட்டினாள். துடைத்து வைத்த கிண்ணம் போலக் கிடந்தது.

"நரி எண்டா முட்டையை முழுசாத் தூக்கிக்கொண்டு போகும். குஞ்சு பொரிச்சதெண்டா அடியில ஓட்டுத் தூள் கிடக்கும். இதுல தூள் இல்லை."

மூன்றாவதாக நின்ற இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் பதினேழாம் கூடு. அதில் இருந்தது விம்பிரல் என்ற பறவை. மண் நிறம், கீழே வளைந்த நீண்ட அலகு. இடது காலில் பச்சை வளையம். தாணுலிங்கத்துக்கு அதன் உறவுக்காரர்களைத் தெரியும். குளிர்காலத்தில் மணக்குடிக் காயலோரம் அதே அலகோடு வந்து சேற்றைக் கிளறும். ஒரே மூச்சில் ஏழு முறை விசிலடிக்கும். அது எங்கே கூடு கட்டும் என்று பிள்ளைகள் கேட்டால், "வடக்கே" என்று சொல்லிச் சுண்ணாம்புக் கட்டியால் வரைபடத்தின் உச்சியைத் தட்டுவார். தட்டிய இடத்தைவிட வடக்கே எதுவும் அவருக்குத் தெரியாது.

இப்போது அது பத்தடியில் உட்கார்ந்திருக்கிறது. அவருக்கோ ஒவ்வொரு நாளும் சில நொடிதான். நல்ல பசியில் இருப்பவனுக்கு ஊறுகாயை மட்டும் நக்கக் கொடுத்தது போல இருந்தது.

"பொரிக்கப்ப குஞ்சுகளைப் பாக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார். மக்களே போய் டாக்டர் வந்திருந்தது.

"பொரிச்ச அண்டைக்கே நடந்து போயிடும் சேர். ஆருக்கு அமையுதோ அவை பாப்பினம்."

தனக்கு அமையவேண்டும் என்று தாணுலிங்கம் மனதுக்குள் சுசீந்திரத்துச் சாமியிடம் சொல்லி வைத்தார்.

பதினேழாம் நாள். மாதுமைக்கு நிலையத்தில் வேலை இருந்தது. தாணுலிங்கமும் ஜோயலும் மட்டும் போனார்கள். சொல்லிக்கொடுத்தபடியே ஆறு இடத்தில் நின்றார்கள், வட்டமடித்தார்கள். ஒரு மேட்டில் ஏறியதும் தாணுலிங்கம், "ஒரு நிமிஷம்," என்றார். ஜோயல் தலையாட்டிவிட்டுத் தொடுவானத்தைப் பார்த்தான்.

அவர் மேட்டிலிருந்து நேராகக் கூட்டுக்குப் போனார்.

பறவை எழவில்லை. ஒரு கண்ணால் அவரைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தது. இத்தனை நாளில் தன்னை அது அடையாளம் கண்டுகொண்டுவிட்டது என்று நினைத்தார். தலைமையாசிரியர்களுக்கு இந்தக் கோளாறு உண்டு. வகுப்பு அமைதியாக இருந்தால் மரியாதை என்று எடுத்துக்கொள்வார்கள். பயமாக இருக்கலாம் என்று தோன்றாது.

நின்றார். அதன் இமை மூடித் திறப்பதைப் பார்த்தார். அலகின் நுனியில் ஒரு கொசு உட்கார்ந்து எழுவதைப் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு வந்த வழியே திரும்பி மேட்டுக்கு வந்தார்.

மேட்டிலிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஈரப்பாசியில் ஒரே ஒரு கோடு. அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போய், கூட்டில் முடிந்திருந்தது.

மதியச் சோறு அவருக்கு இறங்கவில்லை. சொல்லாமல் விட்டாலும் யாருக்கும் தெரியாது. பதினொன்று போயிற்று, பன்னிரண்டாவதும் நரி கணக்கில் போகும். முப்பது வருடமாக மன்னிப்புக் கடிதங்களை வாங்கியே பழகிய மனிதர் அவர். கொடுத்ததில்லை.

கடைசியில் ஒரு தாளை எடுத்து எழுதினார். அனுப்புநர், பெறுநர் போட்டார். மதிப்பிற்குரிய அம்மா என்று தொடங்கினார். பதினேழாம் கூட்டின் அருகே விதிக்கு மாறாக நின்றுவிட்டேன், நேர்வழியில் சென்று அதே வழியில் திரும்பினேன், தாங்கள் என்னை அடுத்த ரயிலில் அனுப்பினாலும் ஏற்றுக்கொள்வேன் என்று எழுதினார். கை பழக்கத்தில், தங்கள் கீழ்ப்படிந்த மாணவன் என்று முடித்துக் கையெழுத்திட்டார்.

மாதுமை நின்றபடியே படித்தாள்.

"எத்தினை நிமிசம் நிண்டனீங்கள் எண்டு எழுதேல்லை."

"பத்து நிமிசம் இருக்கும்."

"எந்த இடத்தில இருந்து போனனீங்கள்?"

"மேட்டுல இருந்து."

இரண்டையும் கடிதத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. கோபிக்கவும் இல்லை. கோபித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"பொரிக்க நாலு நாள் இருக்கு," என்றாள். "சப்பாத்தைப் போடுங்கோ சேர்."

மேட்டுக்குப் போனார்கள். அவருடைய கோட்டுக்கு இடது பக்கம், வேறொரு திசையில் மாதுமை நேராக நடந்தாள். கூட்டுக்கு இருந்த அதே தூரம் வந்ததும் நின்றாள். அங்கே பாசிதான் இருந்தது.

"இங்க என்ன டாக்டர்?"

"ஒண்டுமில்லை. பத்து நிமிசம் நில்லுங்கோ."

நின்றார்கள். போன வழியிலேயே மேட்டுக்குத் திரும்பினார்கள். அடுத்த திசையில் போனாள். மறுபடி பத்து நிமிடம்.

மூன்றாவது இடத்தில் மழை பிடித்தது. தாணுலிங்கத்தின் முட்டி வலித்தது.

"சும்மா நிக்கதுதானே டாக்டர். இதுல அஞ்சு நிமிசம் போதாதா?"

"நரிக்கு வித்தியாசம் தெரியும்."

"இன்னும் எத்தனை இடம் உண்டும்?"

"ஒம்பது. சும்மா நிக்காதேங்கோ சேர். அங்க பாத்த மாதிரி இங்கயும் பாருங்கோ."

ஒன்றும் இல்லாத இடத்தில் எதைப் பார்ப்பது? சொன்னதற்காகக் குனிந்து பார்த்தார். அரிசிமணி அளவில் ஒரு வெள்ளைப் பூ. பூவுக்குள் ஒரு ஈ, மழைக்கு ஒதுங்கியிருந்தது. அடுத்த இடத்தில், பாசிக்குள் விரலளவுச் சுரங்கம் ஒன்று ஓடியது. அதன் வாசலில் ஏதோ ஒரு சுண்டெலி புல்லை ஒரே நீளத்துக்குக் கடித்து அடுக்கி வைத்திருந்தது. அதற்கடுத்த இடத்தில் என்றோ உதிர்ந்த மான்கொம்பு. கொம்பின் மேல் மஞ்சள் கறையாகப் படர்ந்த ஏதோ உயிர். எட்டாவது இடத்தில் பத்து நிமிடம் முடிந்ததே தெரியாமல் குந்தியிருந்தார். மாதுமை இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

பன்னிரண்டாவது இடத்துக்கு வரும்போது எல்லோரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். மாதுமை முதல் இடத்தில் நின்ற மாதிரியே அங்கும் நின்றாள். ஒரு நிமிடம் குறைக்கவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பீரியடைப் பத்து நிமிடம் முன்னதாக விட்ட வெள்ளிக்கிழமைகள் எல்லாம் அவருக்கு ஞாபகம் வந்தன. இப்படி ஒரு வாத்தியாரிடம் நான் சின்ன வயதில் படித்திருக்க வேண்டும் என்று நினைத்தார். அவளைப் பெற்றவர்களை வாயாரப் புகழ வேண்டும் போல இருந்தது.

மறுநாள் காலை ஜோயல் கூரையின் மேல் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தான். இறங்கி வந்து காப்பியை ஊற்றிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னான்.

"நரி வந்துச்சு. மேட்டுல நின்னு யோசிச்சுது. இடது ஓரத்துத் தடத்துல இறங்கிப் போய், கடைசிவரை மோந்து, திரும்பி வந்துச்சு. அடுத்ததுலயும் போச்சு. இப்படி அஞ்சு."

"ஆறாவது?" என்றார் தாணுலிங்கம். இடமிருந்து எண்ணினால் ஆறாவது அவர் போட்ட கோடு.

"அஞ்சோட அதுக்கு உங்க மேல நம்பிக்கை போயிடுச்சு, சார். கடற்கரைப் பக்கம் போயிட்டுது."

தாணுலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். தன்னை ஒரு உயிர் நம்பாமல் போனதற்காக அவர் சந்தோஷப்பட்டது அதுவே முதல் முறை.

அதன்பின் மூன்று நாள் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. நரி திரும்ப வந்ததா, வரவில்லையா என்று தெரியாது. மூடுபனி இறங்கிக் கூரையிலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை.

நாலாவது நாள் அவர் ஊருக்குக் கிளம்பும் நாள். சாயங்காலம் ரயில். காலையில் மாதுமை பதினேழாம் கூட்டின் பதிவுத் தாளை அவர் கையில் கொடுத்தாள்.

"இண்டைக்கு நீங்கள் போயிட்டு வாங்கோ சேர்."

ஜோயல் பின்னால் வர, அவர் போனார். முதல் இடத்தில் நின்றார். ஒன்றும் இல்லை, பூ மட்டும். இரண்டாவது இடத்தில் நின்றார். மூன்றாவதை நெருங்கும்போதே தெரிந்தது. கூட்டில் பறவை இல்லை. முட்டையும் இல்லை.

குனிந்து கூட்டுக்குள் கைவிட்டுப் பார்க்க உடம்பு முழுவதும் துடித்தது. கால் மட்டும் சொன்னதைக் கேட்டது. தாண்டும்போது ஒரே ஒரு பார்வை. அடியில், காய்ந்த புல்லுக்கிடையில், பச்சையும் பழுப்புமாகப் பொடி.

அந்த நொடியில் தலைக்கு மேல் ஏழு விசில் கேட்டது. பச்சை வளையம் போட்ட பறவை அவரைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. இன்னொன்று எதிரே புல்லில் இறங்கி ஓடியது. காலடியில் எங்கோ, மிக அருகில், ஒரு சின்னக் கீச்சுக் குரல். புல்லை விலக்கினால் போதும்.

தாணுலிங்கம் நாலாவது இடத்துக்கு நடந்தார். அங்கே சில நொடி நின்றார். ஐந்தாவதிலும் ஆறாவதிலும் நின்றார். வட்டமடித்து நிலையத்தின் மறுபக்கம் வந்து சேர்ந்தார்.

மாதுமை மேசையில் பேனாவோடு இருந்தாள். தாளை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டாள்.

"கூடு?"

"காலி."

பேனா நகரவில்லை.

"தூள்?"

"இருந்துச்சு. அடியில."

"எவ்வளவு நேரம் நிண்டனீங்கள்?"

"மத்த இடத்துல நின்ன அளவுகூட இல்ல. தாண்டிப் போயிட்டேன்."

பொரித்தது என்று எழுதினாள். அவருடைய கடிதத்தை எடுத்து அந்தத் தாளோடு வைத்துக் குத்தினாள். வருங்காலத்தில் யார் அந்தக் கோப்பைப் பிரித்தாலும், கீழ்ப்படிந்த மாணவன் ஒருவன் பத்து நிமிடம் நின்ற செய்தி அதில் இருக்கும்.

தாணுலிங்கம் சப்பாத்தைக் கழற்றினார். பேசாமல் இருக்க முயன்றார். முடியவில்லை.

"காலுக்குக் கீழதான் சத்தம் கேட்டுச்சு டாக்டர். நான் பாக்கல்ல. இனி இம்புட்டுத் தூரம் என்னால வர முடியுமான்னு தெரியல்ல."

மாதுமை அவரைப் பார்த்தாள்.

"பச்சை வளையக்காரி இந்த இடத்துக்கு ஆறு வருசமா வாறாள் சேர். இதோட நாலாந்தரம் பொரிச்சிருக்கிறாள்."

"அப்பம் நீங்களாவது சொல்லுங்க. அதுக்க குஞ்சுக எப்படி இருக்கும்?"

மாதுமை பேனாவை மூடிக் கோப்பின் மேல் வைத்தாள்.

"தெரியாது சேர்," என்றாள். "நானும் இன்னும் பாக்கேல்லை."